மார்க்கரின் முகம்

ஊசி குத்தும்போது பெரும்பாலானவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர் ஊசியைப் பார்ப்பார். தோல் துளைபடும்போது அவருடைய புருவம் சுருங்கும், உதடு ஒரு பக்கமாக இழுபடும். "வலிக்குது" என்பார். அதில் முறைப்பாடு இருக்காது. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்வார். பிறகு முகம் தானாக விரிந்துவிடும். இரண்டாவது ஊசிக்கும் அதே புருவம், அதே சொல்.

பதுளையில் ஒரு மேட்டு வீதியில் அந்தச் சிறிய டயலிசிஸ் நிலையம் இருந்தது. சில நன்கொடையாளர்கள் சேர்ந்து நடத்தினார்கள், இப்போது மூடிவிட்டார்கள். நான்கு மெஷின்கள். அவற்றைப் பராமரிப்பதும், அவற்றுக்கு வேண்டிய சுத்தநீரைத் தயார் செய்வதும், இடையிடையே நோயாளிகளின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பதிவதும் என் வேலை. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்தில் இரண்டு நாள் வந்து, நான்கு மணி நேரம் சாய்கதிரையில் கிடப்பார்கள். ஒரு குழாய் வழியாக இரத்தம் வெளியே போகும், சுத்தமாகி இன்னொரு குழாய் வழியாக உள்ளே வரும்.

திங்கள், வியாழன் காலைப் பிரிவில் நான்கு பேர். ஊசியைப் பார்க்கும் அவர், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வானவர். பதுளையிலேயே முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வான யாழ்ப்பாணத்து மாஸ்டர். ஹாலிஎலவில் தேநீர்க்கடை வைத்திருந்த ஓர் அக்கா. நான்காவது, ஓர் ஓட்டோக்காரர். அவர் ஊசி ஏறியதும் தூங்கி, ஊசி கழற்றும்போது எழும்புவார். அவரைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

தோட்டத்துக்காரரை எல்லோரும் மார்க்கர் என்றே கூப்பிட்டார்கள். தோட்டத்தை நிர்வகித்த துரைமாரின் கிளப்பில் டென்னிஸ் பந்து பொறுக்கிக் கொடுப்பது, பில்லியர்ட்ஸ் மேசையில் புள்ளி சொல்வது, சீட்டு மேசைக்குச் சோடா கொண்டு போவது எல்லாம் மார்க்கரின் வேலை. அவருடைய பெயர் என் பதிவேட்டில் இருந்தது. இங்கே அது வேண்டாம்.

கிளப்பில் அவர் போக்கர் கற்றுக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வருடக்கணக்காகத் துரைமாரின் கதிரைகளுக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டது. சீட்டுக்கட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். ஊசி ஏறிய கையை அசைக்கக்கூடாது என்பதால் மூன்று பேரும் ஒற்றைக் கையால்தான் விளையாட வேண்டும். மெஷின் வடிகட்டி வரும் பெட்டியில் இருந்த வெள்ளை நுரைப்பஞ்சுக் கட்டையைப் பிளேடால் கீறி, சீட்டுகளைச் செருகி நிறுத்தும் தாங்கி ஒன்று செய்து கொடுத்தேன். மொத்தம் மூன்று செய்தேன். அந்த நிலையத்தில் நான் செய்த பொருள்களில் யாரும் குறை சொல்லாத ஒரே பொருள் அதுதான்.

ஆளுக்கு இருபது நெருப்புக்குச்சி. அதிகக் குச்சி வைத்திருப்பவருக்கு முதலில் ஊசி கழற்றுவோம். அவருக்கு முந்திய பஸ் கிடைக்கும். மற்றவர்கள் முக்கால் மணி நேரம் தரிப்பிடத்தில் நிற்க வேண்டும். தலைமைத் தாதிக்கு இது தெரியும். கழற்றும் ஒழுங்கு எப்படியும் ஒன்று வேண்டும்தானே என்று விட்டுவிட்டார். ஜன்னல் பக்கத்துக் கதிரை யாருக்கு, மின்விசிறி எந்தப் பக்கம் என்பதுவரை அந்த மூவரும் குச்சியால்தான் தீர்த்துக்கொண்டார்கள்.

போக்கரில் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். மார்க்கர் மூடமாட்டார். நல்ல சீட்டு வந்தால் கண் பெரிதாகும். கெட்ட சீட்டு வந்தால் கன்னம் தொங்கும். "சம்பளம் கூட்டினாப்புல சிரிக்கிறாரு பாருங்க, நான் இல்லப்பா" என்று அக்கா சீட்டைக் கவிழ்த்துவிடுவார். அப்படியிருந்தும் பெரும்பாலான நாள்களில் மார்க்கரே முந்திய பஸ்ஸில் போனார். எப்படி என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. மற்றவர்கள் தங்கள் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தன்னுடையதை ஒரே தடவை பார்த்துவிட்டு, மீதி நேரமெல்லாம் ஆள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கால் விரல் மடங்குவது, மாஸ்டர் விழுங்குவது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒருமுறை ஆட்டத்தின் நடுவில் திரும்பி, அக்காவுக்கு இரத்த அழுத்தம் இறங்குகிறது பாருங்கள் என்றார். மெஷின் அதைச் சொல்வதற்கு இரண்டு நிமிடம் முந்தி.

மாஸ்டர் வேறு மாதிரி. 304 என்ற சீட்டாட்டத்தில் ஊறியவர். எந்தச் சீட்டு போய்விட்டது, எது மிச்சம் என்று கணக்கு வைத்து விளையாடுவார். சீட்டை விட்டுக் கண்ணை உயர்த்தவேமாட்டார். தோற்றால் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவார். "அந்த ராணியை வைச்சிருந்திருந்தால்..." என்று அடுத்த ஆட்டத்திலும் முந்தின ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருப்பார். அப்போது மார்க்கர் ஒற்றைக் கையால் மேசையைத் தட்டுவார்.

"அது போயிருச்சி மாஸ்டர். இங்க வாங்க."

நாளொன்றுக்குப் பத்துத் தடவையாவது அதைச் சொல்வார். அக்கா கடையின் கடன்காரனைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் அதுதான், தாதி அடுத்த வார இரத்தப் பரிசோதனையை நினைத்துப் பெருமூச்சு விட்டாலும் அதுதான். இங்க வாங்க.

மார்க்கரின் முகம் ஏன் அப்படித் திறந்து கிடந்தது என்பதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்று உண்டு. கிளப்பில் எல்லோருடைய சீட்டும் தெரியும் இடத்தில் நிற்பவன் மார்க்கர். அவன் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. அவர் இருபத்தேழு வருடம் அப்படி நின்றார். ஒரு நாள் ஒரு துரையின் கையில் விழுந்த சீட்டைப் பார்த்து, தன்னையறியாமல் வாயோரம் சிரித்துவிட்டார். எதிரே இருந்தவர் அதைக் கண்டு சீட்டை மடக்கிக்கொண்டார். சீட்டு விழுந்த துரை எழும்பி வந்து எல்லோருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தார். மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அவருக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை என்று பேர் சொன்னார்கள்.

"அறஞ்சப்ப வலிச்சிது. வலிக்குதுன்னு மொகம் காட்டிச்சி. அட, இது இன்னும் வேல செய்யுதேன்னு நெனச்சேன் மிஸ். அதுக்கப்புறம் நான் அத மூடல."

கதையை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவருடைய மெஷினின் அளவுகளைப் பதிந்துகொண்டிருந்தேன். "நீங்க நல்ல மார்க்கர் மிஸ். எல்லாத்தையும் பாக்குறீங்க. மொகத்துல ஒண்ணுமே இல்ல" என்றார். அப்போது அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஓட்டோக்காரருக்கு முன் அந்த நான்காவது கதிரையில் பூனாகலைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். உயர்தரப் பரீட்சை எழுத இருந்தவள். ஒரு வியாழன் அவள் வரவில்லை. பத்து மணிக்குத் தாதிக்குத் தகவல் வந்தது. அன்று மார்க்கர் அழுதார். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. ஆனால் சீட்டைக் கீழே வைக்கவுமில்லை. அழுதுகொண்டே போட்டார், மாற்றினார், குச்சி தள்ளினார், ஜெயித்தார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அழுறதுன்னா அழுங்க, ஜெயிக்கிறதுன்னா ஜெயிங்க. இது என்ன வேல?"

"ரெண்டும் சேந்து வருது அக்கா. நான் என்ன செய்ய" என்றார்.

எனக்கும் அது பிடிக்கவில்லை. அவரோடு இருக்கும்போது நிம்மதியாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி இருந்ததில்லை. வீட்டில் ஒரு கதவு எப்போதும் திறந்தே கிடந்தால் குளிரும்.

அந்த வருடம் மழை ஒன்பது நாள் விடாமல் பெய்தது. கொழும்புப் பாதையில் மண்சரிவு, ரயிலும் நின்றுவிட்டது. மூன்றாம் இலக்க மெஷினில் இரத்தம் இழுக்கும் பம்பின் மோட்டார் கீச்சிடத் தொடங்கியிருந்தது. வியாழன் காலைப் பிரிவைத் தாங்கும், திங்கள் வரை தாங்காது என்பது என் கணிப்பு. புதிய மோட்டார் சரிவுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு லொறியில் கிடந்தது. செவ்வாய் இரவுக்கு முன் வராது. திங்கள் பின்னேரப் பிரிவும் செவ்வாயும் நிறைந்திருந்தன. குழாய்த் தண்ணீர் சேறாக வந்ததால் கூடுதலாக ஒரு சுற்று ஓட்டச் சுத்தநீரும் இல்லை. வேறிடங்களுக்குப் போன் செய்தேன். எல்லா இடத்திலும் மழைதான்.

ஆகவே திங்கட்கிழமைக்கு மூன்று மெஷின், நான்கு ஆள். மருத்துவர் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருந்தார். வியாழன் காலை போனில் இரத்த அறிக்கைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அக்காவும் ஓட்டோக்காரரும் தவறவே கூடாது. மார்க்கர், மாஸ்டர் இருவரின் அளவுகளும் ஏறக்குறைய ஒன்று. அவர்களில் ஒருவர் சாப்பாட்டில் கவனமாக இருந்தால் புதன்வரை பொறுக்கலாம். யார் என்று பேசித் தீர்மானியுங்கள் என்றார். தாதி அப்போது ஒரு நோயாளியின் இரத்தக் கசிவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். போனை வாங்கியது நான்.

நான் போய் இருவருக்கும் நடுவில் நின்று, ஒவ்வொன்றாகச் சொன்னேன். மோட்டார், தண்ணீர், திங்கள், புதன். கடைசியாக, யாரென்று நீங்களே பேசி மத்தியானத்துக்குள் சொல்லுங்கள், நான் அட்டவணையில் எழுத வேண்டும் என்றேன். நேர அட்டவணையில் ஒரு கட்டம் நிரம்பாமல் இருக்கிறது என்பதைப் போலத்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.

அவர்கள் பேசவில்லை. மாஸ்டர் குச்சிகளை எண்ணி இருபது இருபதாகப் பிரித்தார். அக்கா தன் குச்சிகளைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

நான் தடுத்திருக்கலாம். தாதியைக் கூப்பிட்டிருக்கலாம். மருத்துவருக்கே திரும்பப் போன் செய்து நீங்களே பேரைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். மூன்று வழி இருந்தது. நான் அழுத்தமானியைத் தூக்கிக்கொண்டு மார்க்கரின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றேன்.

ஒரு மணி நேரம் ஆடினார்கள். குச்சிகள் அங்குமிங்கும் போய் வந்தன. கடைசி ஆட்டத்தில் மாஸ்டரிடம் இரண்டு ராஜா, இரண்டு ஏழு. அவருக்கு அழுத்தம் பார்க்கப் போனபோது கண்டேன். மார்க்கரிடம் இரண்டு பத்து மட்டும். மூன்று சீட்டை மாற்றினார். மூன்றாவது பத்து வந்தது. போக்கரில் இரண்டு ஜோடியை ஒரே இலக்கச் சீட்டு மூன்று வெல்லும். பின்னால் நின்ற எனக்கே அவருடைய காது பின்னுக்குப் போனது தெரிந்தது. அவ்வளவு பெரிய சிரிப்பு. அடுத்த நொடி அது அப்படியே இறங்கியது. நான் பக்கவாட்டுக்கு வந்து பார்த்தேன். பயம், வெட்கம், ஆசை மூன்றும் அந்த முகத்தில் ஒன்றாகக் கிடந்தன. எதையும் அவர் ஒளிக்கவில்லை.

"மாஸ்டர், எனக்கு நல்லா வந்திருக்கு. மடக்கிருங்க" என்றார்.

"நீர் விளையாடும்" என்றார் மாஸ்டர். கண் சீட்டிலேயே இருந்தது.

"ஒரு தடவ என் மொகத்த பாருங்க."

"எனக்கு உம்மட முகம் வேண்டாம். மூண்டு சீட்டு மாத்தின ஆளிட்ட என்ன கிடக்கும் எண்டு எனக்குக் கணக்குத் தெரியும்."

"மாஸ்டர், இங்க வாங்க."

மாஸ்டர் தன் குச்சிகள் எல்லாவற்றையும் நடுவே தள்ளினார். மார்க்கரும் தள்ளினார். சீட்டுகளைத் திருப்பியபோது மாஸ்டர் கொஞ்ச நேரம் மூன்று பத்துகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "புதன் எண்டு எழுதும் பிள்ளை" என்றார்.

எழுதினேன்.

செவ்வாய் விடிய மாஸ்டர் வீட்டிலேயே இறந்துபோனார். உப்புச் சமநிலை குழம்பி இதயம் நின்றிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு நாள் பொறுக்கலாம் என்று அவர் சொன்னது தவறில்லை. அநேகமானவர்கள் பொறுத்திருப்பார்கள். நிலையத்துக்கு நான் கொடுத்த அறிக்கையில் மூன்று காரணங்கள் இருந்தன: மோட்டார், மழை, பாதை. இருவரும் தமக்குள் பேசி முடிவு செய்தனர் என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

வியாழன் சவ அடக்கம். காலைப் பிரிவு முடிந்ததும், ஊசி குத்திய இடத்தில் பஞ்சும் பிளாஸ்டரும் இருக்க, மார்க்கர் மரண வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். தனியாக அனுப்பப் பயமாக இருந்தது. அவருக்காகப் பயந்தேன் என்று சொல்ல முடியாது.

வழியில் கேட்டுக்கொண்டேன். அங்கே சீட்டைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். சொன்னால் எங்கள் எல்லோருக்கும் பிரச்சினை. இனி சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

"நானா சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லிருவேன்" என்றார்.

விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். என் குரல் வழக்கத்தைவிடக் கூர்மையாக இருந்தது.

அவர் நின்றார். குடையிலிருந்து வழிந்த தண்ணீர் அவருடைய பிளாஸ்டர் கையில் விழுந்துகொண்டிருந்தது. "குடுத்திருக்கலாம் மிஸ். எனக்கும் மூச்சு முட்டிக்கிட்டு இருந்திச்சி. வாழணும்னு இருந்திச்சி. அத மறைக்காமதான் ஒக்காந்திருந்தேன். அவரு பாக்கவே இல்லியே." முகம் முழுவதும் நனைந்திருந்தது. மழை அதில் பாதிதான்.

முற்றத்தில் தறப்பாள் கட்டி, நான்கு மேசை போட்டிருந்தார்கள். மரண வீடுகளில் வழக்கம்போல அயலவர்கள் 304 ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் ஆள் குறைவாக இருந்தது. யாரோ மார்க்கரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே போய் மாஸ்டரின் காலடியில் நின்றார். பிறகு வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்து சீட்டை எடுத்தார். கண்ணீர் வழிய வழிய, ஒரு பிடியும் தவறாமல் ஆடினார். ஜோடியாக ஆடியவர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பூனாகலைப் பிள்ளை இறந்த நாள் ஞாபகம் வந்தது.

மாஸ்டரின் மகன் பிளேன்டீத் தட்டோடு வந்தார். கொழும்பிலிருந்து வரும் வழியில் மண்சரிவை நடந்து தாண்டி வந்தவர். காலணியில் இன்னும் சிவப்பு மண் இருந்தது. கோப்பையை நீட்டியவர், மார்க்கரின் முகத்தைக் கண்டு நின்றுவிட்டார்.

"நீங்கள்தானோ மார்க்கர்? அப்பா நெடுகச் சொல்லுவார்."

"என்ன சொல்வாரு தம்பி?"

"அந்தாளிட்டப் பொய்யே இல்லை எண்டுவார். என்ன சீட்டு வந்தாலும் முகத்தில எழுதிக் கிடக்குமாம். அதால தான் உங்களை நிமிந்தே பாக்கிறேல்லையாம். மற்றவன்ர சீட்டைப் பாத்து விளையாடுறது களவு, முகத்தைப் பாக்கிறதும் அதுதான் எண்டு சொல்லுவார்." மகன் லேசாகச் சிரித்தார். "304 ஆடேக்க நாங்கள் கண் சிமிட்டினாலே சீட்டைப் பறிச்சுப்போடுவார்."

மார்க்கர் கையிலிருந்த சீட்டுகளை மேசையில் வைத்தார். மடக்கி வைக்கவில்லை. எல்லாம் தெரிகிற மாதிரி, மேல் நோக்கி.

"கடைசி முறை அப்பா எப்பிடி இருந்தவர்?" என்று மகன் கேட்டார்.

மார்க்கர் சொன்னார். மெஷின் மூன்றாகக் குறைந்ததை, இருபது இருபது குச்சியை, மூன்றாவது பத்தை, முகத்தைப் பாருங்கள் என்று கேட்டதை. திங்கட்கிழமை அந்தக் கதிரையில் தான் கிடந்ததை. எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. என் பெயர் அதில் வரவில்லை. சொல்லி முடித்தபோது நான்கு மேசையிலும் ஆட்டம் நின்றிருந்தது.

மகன் தட்டை மேசை ஓரத்தில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அங்க வேலை செய்யிறனீங்கள்தானே? உங்களுக்குத் தெரியுமோ இது?"

"நான் மெஷின் பக்கம் இருந்தேன்" என்றேன். "கவனிக்கல."

மார்க்கர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அவருடைய முகம் அங்கே இருந்தது, எல்லாவற்றோடும். திரும்பியிருந்தால் மகன் அதில் முழுவதையும் வாசித்திருக்கலாம். அவர் திரும்பவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் இருந்திருக்காது.

"இங்க வாங்க மிஸ்" என்றார் மார்க்கர். மெதுவாக, மாஸ்டரிடம் சொல்வது போலவே.

மகன் எனக்காக ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு மார்க்கர் ஐந்து மாதம் இருந்தார். திங்களும் வியாழனும் வந்தார். ஊசியைப் பார்த்தார், வலிக்குது என்றார். அந்த நாளைப் பற்றி அவர் பேசவில்லை. நான் அழுத்தமானியோடு அவர் பக்கம் போகும் போதெல்லாம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் அளவுகளைப் பார்த்தேன்.

மரண வீட்டில் அன்று மகன் இழுத்துப் போட்ட அந்தக் கதிரையில் நான் உட்காரவில்லை. பின்னேரப் பிரிவுக்கு நேரமாகிவிட்டது என்று மகனிடம் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வியாழக்கிழமைகளில் எங்களுக்குப் பின்னேரப் பிரிவு கிடையாது.